காரணம் என்ற கட்டம்

வியாழக்கிழமை, மாலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். ஒப்புக்குச் சொல்லும் சௌக்கியம் இல்லை, போன வாரம்தான் இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தோம், எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, அப்பாவை மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவர் அதை டாக்டரின் தனிப்பட்ட அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நீ அங்கே உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்கிறாயா என்று எழுது. சமையலறைக் குழாயை அப்பா இதோடு நான்கு தடவை சரிசெய்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றால், ரிட்டயர் ஆனவனுக்கு ஒரு வேலை இருக்கக்கூடாதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், அதனால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். உன் பெரியம்மாவுக்கு மூட்டு வலி, ஆனால் ஊர் சுற்றுவது குறையவில்லை. இந்தத் தாளில் தேதி, நேரம், காரணம் என்று கட்டம் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. வீட்டில் நல்ல தாள் இல்லாமல் இல்லை. ஏன் இதில் எழுதுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இந்த வருஷக் கடைசியிலும் லீவு கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் லீவு விடும் சமயம் என்பதால் குழந்தை இருப்பவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறார்கள், மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள இந்தத் தடவையும் நீதான் என்று சொன்னாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், அதுவும் நியாயம்தானே, பிள்ளை குட்டி உள்ளவர்களுக்கு நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். நீ “சரிம்மா” என்றாய். அப்புறம் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டாய். நீ இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. போனை வைத்த பிறகும் அந்தச் “சரிம்மா” என் காதிலேயே நின்றது. எங்கேயோ கேட்ட சரி மாதிரி இருந்தது. எங்கே என்பது இன்று மதியம்தான் புரிந்தது, அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் சலவைப் பிரிவில் இந்த இரண்டு மாதமாக நடந்த கூத்தை முதலில் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த இடம்தான், ஆனாலும் நீ பார்த்துப் பல வருஷமாகிவிட்டது என்பதால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அதே நீளக் கட்டடம்தான், அதே சோப்பு வாசனைதான். மெஷின்கள் புதுசு. துவைப்பதும் பிழிவதும் மெஷின், தேய்ப்பதும் இப்போது உருளை மெஷின், ஆனால் மடிப்பது மட்டும் இன்னும் மனிதக் கைதான். ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்புக்குக் குறையாது. பெரிய விரிப்பை ஒருவர் மடித்தால் தரையில் புரளும், தரையில் பட்டால் மறுபடி துவைக்கப் போட வேண்டும், அதனால் எப்போதுமே இரண்டிரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனை, இழுத்துப் பிடித்து, நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர் குனிந்து மடிப்பைப் பிடிப்பார். யாருக்கு யார் ஜோடி என்று வாசலில் ஒரு பலகையில் எழுதிப்போடுவது என் வேலை. ஒருத்தர் சீக்கிரம் கிளம்பினால் இன்னொருத்தர் கையில் பாதி விரிப்பு தொங்கும். அதனால் எங்கள் இடத்தில் அனுமதி கேட்பது என்பது அதிகாரியிடம் மட்டும் கேட்பது இல்லை. நான் மேற்பார்வையாளர் நாற்காலிக்கு வந்த புதிதில், ஒன்பது வருஷம் முன்னால், ஒரு தடித்த நீள நோட்டு வாங்கி ஆளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினேன். சீக்கிரம் போக வேண்டியவர்கள் தேதி, நேரம், காரணம் மூன்றும் எழுதவேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் முகத்தைப் பார்த்து அனுமதி கொடுப்பவர், சிரித்துப் பேசுகிறவர்களுக்குக் கேட்டபோதெல்லாம் கிடைக்கும், உம்மென்று இருப்பவர்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூடக் கிடைக்காது. நான் அப்படி இருக்கக்கூடாது என்று நினைத்தேன். குழந்தை என்றால் முதலில், பெரியவர்களின் வைத்தியம் என்றால் அடுத்தது, மற்றதெல்லாம் அப்புறம். காரணத்தின் கனத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இதைவிட நியாயமாக ஒருத்தி நடக்க முடியுமா என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

மடிப்பு மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் அந்தப் பெயரை வைத்தாய், இப்போது பெரிய டாக்டர் வரைக்கும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நான்கு வயது இளையவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா அப்பா போய்ப் பல காலம் ஆகிறது, ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் நாற்காலிக்கு வரும்வரை என்னை அக்கா என்பார், வந்த மறுநாளிலிருந்து மேடம். அவர் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருக்கிறார். விரிப்பின் இரண்டு முனைகளைக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, மற்ற இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து, கம்பியையே ஜோடியாக வைத்துத் தனியாக மடித்துவிடுவார். ஒரு நூல் பிசகாது. எங்கள் பிரிவில் வேறு யாருக்கும் அது வராது, நானும் முயன்று பார்த்திருக்கிறேன், விரிப்பு என் தலைமேல் விழுந்ததுதான் மிச்சம். இப்படி ஒருவர் கையில் கிடைத்தால் பலகை எழுதுகிறவள் என்ன செய்வாள்? யார் சீக்கிரம் போக வேண்டுமோ அவர்களை அவருக்கு ஜோடியாகப் போட்டேன். எங்கள் இரட்டையம்மா, அதாவது பள்ளிக்கூடம் போகும் இரட்டைக் குழந்தைகளின் அம்மா, தினமும் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும், அவள் அவருக்கு ஜோடி. டிராலிக்காரர், வார்டுகளுக்குத் துணி கொண்டு போகிறவர், வாரத்தில் இரண்டு நாள் மடிக்க நிற்பார், அவருடைய மாமனாருக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகும், அவரும் மடிப்பு மாமாவுக்குத்தான் ஜோடி. விடுமுறை நாள் முறையா, அவர். யாராவது வரவில்லையா, அவர். ஒன்பது வருஷத்தில் அவருடைய நான்கு பக்கத்திலும் ஓர் எழுத்து இல்லை. போன வருஷக் கூட்டத்தில் அந்தக் காலிப் பக்கத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, “இவரைப் பாருங்க, ஒரு நாள், ஒரு மணி நேரம் கேட்டதில்ல, ஆளுன்னா இப்படி இருக்கணும்” என்று நான் பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் முன்னால் ஒரு திங்கட்கிழமை மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வியாழக்கிழமை மட்டும் மூன்றரைக்குப் போக வேண்டும், மூன்று மாதத்துக்கு என்றார். எனக்கு ஆச்சரியம்தான், ஆனாலும் நோட்டை எடுத்து நீட்டினேன். அவருடைய பக்கத்தைத் தேடி எடுத்தார், பேனாவைத் திறந்தார், மூடிவிட்டார். “எழுதறதுக்கு ஒண்ணுமில்ல மேடம், போகணும், அவ்வளவுதான்” என்றார். காரணம் இல்லாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், இரட்டையம்மாவும் அதே நேரத்துக்குப் போகிறாளே, பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நிற்குமே என்றேன். அது தெரியும் என்று தலையாட்டினார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், ஏதோ சகஜமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “உங்களுக்கு என்னங்க, வீட்ல காத்திருக்க யாரு இருக்கா?” என்று கேட்டுவிட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, அது எங்கள் பிரிவில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு. அவர் என்னைப் பார்த்து “சரி மேடம்” என்றார். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. திரும்பிப் போய் மடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் நோட்டை இழுப்பறையில் போட்டுவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை மூன்றரைக்கு அவர் போய்விட்டார். இரட்டையம்மாவும் போயாகிவிட்டது. கம்பியில் கிளிப் போட்ட ஒரு விரிப்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, பின்னால் நாற்பது விரிப்பு மடிக்காமல் குவிந்திருந்தது, பெண்கள் வார்டிலிருந்து நர்ஸ் மூன்று தடவை போன் செய்து சத்தம் போட்டாள். மறுநாள் காலையில் அவருக்கு மெமோ கொடுத்தேன். இருபத்தைந்து வருஷத்தில் அவருக்கு முதல் மெமோ. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் ஒரு கவரைக் கொண்டுவந்து வைத்தார். மெமோவுக்குப் பதில் இல்லை, ராஜினாமா. ஒரு மாத நோட்டீஸ். அந்தப் படிவத்திலும் காரணம் என்று ஓர் இடம் இருக்கிறது, அதையும் காலியாக விட்டிருந்தார். அவர் போய்விட்டால் எங்கள் பிரிவு என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன், அவர் எங்கே போவார் என்று நினைக்கவில்லை, இதை மறைக்காமல் சொல்கிறேன். பிரிவு முழுக்க ஒரே பேச்சு. வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள் ஒருத்தி. இந்த வயதில் பெண் பார்க்கிறார் என்றார் டிராலிக்காரர். அடுத்த வெள்ளிக்கிழமை அதே டிராலிக்காரர் வாய்கொள்ளாத சிரிப்போடு வந்தார். தன் மகனைக் கூட்டிக்கொண்டு நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனாராம், அங்கே பெரியவர்கள் வகுப்பில், இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மடிப்பு மாமா காலை உதைத்துக்கொண்டிருந்தாராம். “குளத்து ஓரமா ஏழு பேரு வரிசையா நின்னு தண்ணிக்குள்ள மூஞ்சிய வச்சு புஸ்ஸு புஸ்ஸுனு ஊதறாங்க மேடம், அதுல நம்மாளு ஒருத்தரு” என்று செய்துகாட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. இதற்காகவா அந்தச் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும்?

அன்று நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது, என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான் கொண்டுவந்தேன். அப்பா குழாயை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து தானும் புரட்டினார். அவருக்குப் பொழுது போக வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “இந்த டிராலிக்காரர் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் மூணு தடவ நடந்திருக்கே, அந்த மனுஷனுக்கு மொத்தம் எத்தனை கண்ணு?” என்று கேட்டார். நான் பார்த்தேன். மூன்றிலும் என் கையெழுத்து இருந்தது. அப்புறம்தான் முழுசாகப் படித்தேன். உண்மையான காரணமும் இருந்தது, காரணம் கேட்கிறார்களே என்பதற்காகச் செய்த காரணமும் இருந்தது, இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. நன்றாகக் காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு நன்றாகக் கிடைத்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் முகத்தைப் பார்த்துச் செய்ததை நான் நோட்டைப் பார்த்துச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இரட்டையம்மாவை நான் குறை சொல்லவில்லை, அவள் எழுதியதெல்லாம் நிஜம். ஆனால் அவள் கிளம்பிய ஒவ்வொரு நாளும் விரிப்பின் மறுமுனையை யாரோ பிடித்திருக்க வேண்டுமே. அப்பா மடிப்பு மாமாவின் காலிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, “நம்ம பொண்ணு ஸ்கூல் போன காலத்துல நீ மூணு மணிக்கே கிளம்பிடுவியே, அப்ப உன் ஜோடி யாரு?” என்றார். அவர் வேண்டுமென்று கேட்டாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று தெரியவில்லை. உன்னைக் கூட்டிவர ஆறு வருஷம் நான் மூன்று மணிக்குக் கிளம்பினேன். என் ஜோடி அவர்தான். அந்தக் கிளிப் வித்தையை அவர் கண்டுபிடித்ததே அப்போதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அறிக்கை எழுதவில்லை.

மறுநாள் நாற்காலியில் உட்காராமல் நேராகப் போய் அவர் எதிரே நின்று விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தேன். பெரிய விரிப்பை மடிக்கும்போது எதிராளி முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், தப்பிக்க முடியாது. நான்கைந்து விரிப்பு மடித்தோம். அப்புறம் மெமோவைக் கிழித்துவிட்டேன், உங்களைக் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையை நிறுத்தாமல், “நீச்சல் கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியாது மேடம், தண்ணில மிதக்கணும்னு ஒரு ஆச, அத அந்தக் கட்டத்துக்குள்ள எப்படி எழுதறது?” என்றார். எழுதியிருந்தால்கூட நான் கொடுத்திருக்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இன்னும் இரண்டு விரிப்பு போனபிறகு அவரே சொன்னார், “இத்தன வருஷம் நான் கேக்காம இருந்தது வேணாம்னு இல்ல மேடம். கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியும், அதான்.” முனையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். ராஜினாமாவை அவர் உடனே திருப்பி வாங்கவில்லை. யோசிக்கிறேன் என்றார். நோட்டீஸ் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பிரிவில் எல்லோரையும் கூட்டி, இனிமேல் காரணக் கட்டம் கிடையாது என்றேன். ஆளுக்கு மாதம் ஐந்து மதியம் சீக்கிரம் போகலாம், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது, முந்தின வாரமே பலகையில் எழுதிவிட வேண்டும், அவசரம் வந்தால் அது தனி. மறுமுனை பிடிக்கும் முறை எல்லோருக்கும் மாறி மாறி வரும். சொன்னதும் இரட்டையம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “பிள்ளைங்களும் நீச்சலும் ஒண்ணாக்கா? அவரு போகலேன்னா தண்ணி வத்திடுமா? நான் போகலேன்னா ரெண்டும் ரோட்ல நிக்கும்” என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். பிள்ளைகளுக்காக அவள் தினமும் போகத்தான் வேண்டும், அதை நான் எடுக்கப்போவதில்லை, ஆனால் அதன் பாரம் இத்தனை வருஷமும் ஒரே ஆள் தலையில்தான் இருக்க வேண்டுமா என்றேன். அவள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, காலையில் அரை மணி முன்னால் வந்து துணியைப் பிரித்து வைத்துவிடுகிறேன், மாலையில் நிற்பவர்களுக்கு அந்த வேலை மிச்சமாகும் என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. டிராலிக்காரரும் இப்போது தன் முறைக்கு நின்று மடிக்கிறார், அவர் மடித்தது விரிப்பா மூட்டையா என்று வார்டில் கேட்கிறார்கள். அவர் மாமனாருக்குப் போன வாரம் நிஜமாகவே நெஞ்சு வலி வந்துவிட்டது, ஒருவரும் நம்பவில்லை, பாவம், நான்தான் ஓடுங்கள் என்று அனுப்பினேன், அவசரத்திலும் பழக்கதோஷத்தில் நோட்டு எங்கே என்று தேடினார். இப்போது தேவலை. நோட்டீஸ் முடிகிற அன்று மடிப்பு மாமா வந்து கவரைத் திருப்பிக் கேட்டார். “ஒரு கண்டிஷன் மேடம், இனிமே மீட்டிங்ல என்னப் பாராட்டாதீங்க” என்றார். சரி என்றேன். வியாழக்கிழமை மூன்றரைக்கு மேல் மீதமிருக்கும் விரிப்புக்கு நானும் ஒரு கை கொடுக்கிறேன், அதனால்தான் இன்று எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது, தோள் வலி.

இவ்வளவும் நடந்து, எல்லாவற்றையும் நானே என் கையால் சரிசெய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் என்ன சொன்னேன் பார். வேலையிடத்தில் திருந்திய வாய் வீட்டில் திருந்தவில்லை. இன்று மதியம் இரட்டையம்மாவின் பிள்ளைகளை அவள் தங்கை கூட்டிக்கொண்டு போனாள், அதனால் அவளும் நானும் ஜோடி. மடிக்கும்போது, “உங்க பொண்ணு எப்பக்கா வருது?” என்று கேட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, அங்கே குழந்தை இருப்பவர்களுக்குத்தான் முதலில், இவள் தனி ஆள்தானே, இவள்தான் எப்போதும் பார்த்துக்கொள்வாள், வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டாள் என்று நான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் விரிப்பை இழுத்துப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். “அப்ப அங்க உங்க பொண்ணுதான் மடிப்பு மாமாவா?” என்றாள். என்னோடு சண்டை போட்ட அதே இரட்டையம்மாதான். என் கையிலிருந்து முனை நழுவி விரிப்பு தரையில் விழுந்தது. மறுபடி துவைக்கப் போட்டோம்.

ஆமாம், நீதான். உன் அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன், நான் ஒன்பது வருஷம் செய்ததைத்தான் அவரும் செய்கிறார். குறை என் பக்கம்தான். சின்ன வயதில் நீ கடையில் எதையும் கேட்டு அழமாட்டாய், உன் பெரியம்மாவிடம், பக்கத்து வீட்டில், எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி நான் உச்சி குளிர்ந்திருக்கிறேன். கேட்காமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று உனக்குப் பழக்கியது நான். உனக்கு வேண்டாம் என்று இல்லை, கேட்டால் அம்மா என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும், அதானே? ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். போய்க் கேள். குழந்தைகள் இருப்பவர்களோடு சண்டை போடாதே, அவர்கள் பாடு அவர்களுக்கு, நானும் அப்படி ஓடிவந்தவள்தான். ஆனால் மூன்று வருஷம் மறுமுனையைப் பிடித்தாயிற்று, இந்தத் தடவை என் முறை என்று சொல். குரலை உயர்த்த வேண்டாம், உம்மென்றும் இருக்க வேண்டாம், சொல்லிவிட்டு நில். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிடாதே, இந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதியது உண்மை. ஆபரேஷன் இல்லை, விசேஷம் இல்லை, குழாயைத் தவிர எதுவும் கெட்டுப்போகவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. ரொம்ப நாளாக இருக்கிறது, நானும் கேட்கவில்லை. உனக்கு என்ன, வீட்டில் காத்திருக்க யார் இருக்கிறார்கள் என்று அங்கே யாராவது கேட்டால், இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்.

இந்தத் தாள் மடிப்பு மாமாவின் பக்கம். அவரைக் கேட்டுத்தான் கிழித்தேன், “எடுத்துக்குங்க, பாப்பாவுக்குத்தானே” என்றார். பாதி ஆழம் வந்துவிட்டாராம், இப்போது பலகை இல்லாமலே மிதக்கிறாராம், உன்னிடம் சொல்லச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடும் குறையாத சந்தோஷத்தோடும் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். லீவு விண்ணப்பத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடு, தள்ளிப்போடாதே. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விடு. நாங்கள் சௌக்கியம்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா